ஒரு சோபாவை வெளியேற்ற இரண்டு கவுன்சில்

பழைய சோபா ஒன்று, செடி வெட்டிய குப்பை நாலு மூட்டை, குளியலறை டைல்ஸ் உடைசல் கொஞ்சம். இங்கிலாந்தில் இவ்வளவையும் வீட்டை விட்டு முறையாக வெளியேற்ற மூன்று வாரம் பிடித்தது. லண்டன் பரோவிலிருந்து (நகரின் உள்ளாட்சிப் பகுதி) கவுண்டிப் பக்கம் (நம்ம ஊர் மாவட்டம் போல) வீடு வாங்கிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் ஒரு வாரமாவது மிச்சமாகும்.

லண்டனில் வாசலில் குப்பை எடுப்பதிலிருந்து எதைக் கேட்டாலும் நமக்குப் பெரும்பாலும் ஒரே கவுன்சில்தான், அதாவது ஒரே உள்ளாட்சி மன்றம். இரண்டடுக்கு நிர்வாகம் உள்ள கவுண்டிகளில் அப்படி இல்லை. வாசலில் வந்து எடுப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். எடுத்த குப்பையை ஒழிப்பதும், நாம் காரில் கொண்டுபோய்ப் போடும் ‘டிப்’பை நடத்துவதும் கவுண்டி கவுன்சில். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பில் டிஸ்ட்ரிக்டிடமிருந்து வருவதால் எல்லாவற்றுக்கும் அங்கேயே போன் போடத் தோன்றும். நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்து கேட்டால், “டிப் விஷயம் எங்களுடையது அல்ல” என்று வைத்துவிட்டார்கள். எந்த எண் என்றுகூடச் சொல்லவில்லை.

வீண் பயணம் அடுத்த நாள். சோபாவை வாடகை வேனில் ஏற்றி டிப்புக்குப் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். காருக்கு எதுவும் வேண்டாம். வேனுக்கு முன்கூட்டியே பெர்மிட் எடுத்திருக்க வேண்டுமாம். அரைநாள் வேன் வாடகை போனது. கிளம்பும் முன் கவுண்டியின் இணையதளத்தில் மூன்றைப் பாருங்கள்: நேரம் பதிவு செய்ய வேண்டுமா, வேனுக்கும் டிரெய்லருக்கும் பெர்மிட் உண்டா, முகவரிச் சான்றாக எதை ஏற்கிறார்கள். பக்கத்துக் கவுண்டியின் டிப் நம் வீட்டுக்கு அருகில் இருந்தாலும், நம்மை உள்ளே விட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பிறகு டிஸ்ட்ரிக்டில் பணம் கட்டி, பெரிய பொருள் எடுக்கும் சேவைக்குப் பதிவு செய்தோம். அன்றாடக் குப்பையை இலவசமாக எடுப்பவர்கள் இதற்கு மட்டும் ஏன் பணம் கேட்கிறார்கள் என்று பலருக்குக் கோபம் வருகிறது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. 25 கிலோவைத் தாண்டும் பொருளுக்கும், கவுன்சில் தந்த தொட்டிக்குள் அடங்காத பொருளுக்கும், தோட்டக் குப்பைக்கும் கட்டணம் வாங்கலாம். எவ்வளவு என்பதைக் கவுன்சிலே முடிவு செய்யும். சாலையின் இந்தப் பக்கம் ஒரு கட்டணம், எதிர்ப்பக்கம் இன்னொன்று என்பது அதனால்தான்.

லாரி வந்தது, சோபாவை எடுக்காமல் போனது. சோபாவில் செருகியிருந்த சீட்டில் ஒரே ஒரு கட்டத்தில் ‘டிக்’: சேதமடைந்தது. வாசல் கதவில் நுழையவில்லை என்று சோபாவின் ஒரு கைப்பிடியை ரம்பத்தால் அறுத்திருந்தோம். அறுத்த இடத்தில் மஞ்சள் ஃபோம் பிதுங்கி நின்றது. அதுதான் தவறு. பழைய சோபாக்களின் துணியிலும் ஃபோமிலும் எளிதில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்த்த ரசாயனங்களில் சில, மண்ணிலும் உடலிலும் அழியாமல் தங்கும் வகை. ஆகவே இவற்றைப் புதைக்கக் கூடாது, மற்ற குப்பையோடு கலக்கவும் கூடாது. தனியாக எடுத்துப்போய் எரிக்க வேண்டும். 2023 தொடக்கத்திலிருந்து இதில் கண்டிப்பு கூடிவிட்டது. மெத்தை வைத்துத் தைத்த நாற்காலி, சோபா பெட், பீன் பேக் எல்லாம் இதில் சேரும். கட்டிலும் படுக்கை மெத்தையும் சேராது. உங்கள் சோபா கதவில் நுழையவில்லை என்றால் கால்களைக் கழற்றுங்கள், கதவைக் கீலிலிருந்து கழற்றுங்கள். சோபாவை மட்டும் வெட்டாதீர்கள்.

மறுபடி பணம் கட்டச் சொன்னார்கள். பதிவுப் பக்கத்தில் வெட்டக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பதிவு எண்ணையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்ததும், கட்டணம் இல்லாமல் புதுத் தேதி கொடுத்தார்கள், வெட்டிய பக்கத்தைக் கனமான பாலிதீனால் சுற்றி டேப் ஒட்டி வைக்கும்படி. போனில் வாதாடியிருந்தால் இது நடந்திருக்காது.

டைல்ஸ் உடைசலில்தான் மனம் குளிர்ந்தது. டிப்பில் மூட்டைக்கு இவ்வளவு என்று பழைய கட்டணத்தைச் சொன்னார்கள். 2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்தில், நாமே செய்த வீட்டு வேலையின் கழிவுக்குக் கட்டணம் கிடையாது: ஒரு முறைக்கு 50 லிட்டர் மூட்டை இரண்டு, நான்கு வாரத்தில் நான்கு முறை வரை. விதியைப் போனில் எடுத்துக் காட்டினோம். மேலாளரைக் கேட்டுவிட்டு வந்து வழிவிட்டார் அந்த ஊழியர். ஆள் வைத்து உடைத்தது என்றால் இந்தச் சலுகை செல்லாது. பெரிய மூட்டையில் கட்டினாலும் அளவு மீறும்.

தோட்டக் குப்பைக்கு ஆண்டுச் சந்தா. எங்கள் கவுன்சிலில் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நடுவில் சேர்ந்தாலும் முழுக் கட்டணம். வீட்டை விற்றவர் விட்டுப்போன தொட்டியில் போன ஆண்டுச் சந்தாவின் ஸ்டிக்கர் இருந்ததால், இரண்டு முறை அப்படியே விட்டுப் போனார்கள்.

இந்த அலைச்சலுக்கு நடுவே, ரொக்கம் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிப் போகிறோம் என்று வேன்காரர்கள் சிலர் வந்தார்கள். குப்பை ஏற்றிச் செல்வதற்கான உரிம எண்ணைக் கேட்டு, சுற்றுச்சூழல் முகமையின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். அவர்கள் அதைத் தெருவோரம் கொட்டினால், விசாரிக்காமல் கொடுத்த வீட்டுக்காரருக்கு 600 பவுண்டு வரை அபராதம் வரும். ரசீது வாங்குங்கள், வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை சோபாவை முந்தின இரவே கேட்டுக்கு வெளியே, நடைபாதையை மறிக்காமல் சுவரோரம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் கவுன்சில் ஆட்கள் கேட்டுக்குள் வர மாட்டார்கள். காலை ஏழு மணிக்குள் எடுத்துப் போய்விட்டார்கள்.