பேட்ஜ் குத்தாதவர்கள்

ஆகஸ்ட் 10 வந்தால் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசை முடிந்ததும், தலித் கிறிஸ்தவர்களுக்கும் எஸ்.சி. உரிமை கேட்டு, கருப்பு பேட்ஜ் கொடுப்பார்கள். 1950-இல் அதே தேதியில்தான் பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்பது அதன் மூன்றாவது பத்தி. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளுக்கே இது மனப்பாடம். என்னிடம் மைக்கைக் கொடுத்தால் நானும் இதையேதான் ஒப்பிக்கிறேன், டீச்சர் புத்தி.

பேட்ஜ் வாங்காமல் பக்கவாட்டு வாசல் வழியாக நழுவிப் போகிறவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

என் சித்தப்பா மகன் அப்படிப் போகிறவன். என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர்’ என்று எழுதினார். தமிழ்நாட்டில் அதற்கு பி.சி. சான்றிதழ்தான். சித்தப்பா ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று எழுதி, மகனுக்குக் கோயிலில் ஒரு பெயரும் பள்ளியில் வேறு பெயரும் வைத்தார். எங்கள் தெருவில் இப்படி இரண்டு பெயர் உள்ளவர்கள் நிறைய. தம்பி எஸ்.சி. இடத்தில் தேர்வாகி அரசு வேலைக்குப் போனான். அப்பா யோக்கியர், சித்தப்பா ஏமாற்றுக்காரர் என்று இதைக் கதை கட்ட எனக்கு மனம் வராது. இரண்டு பேரும் ஒரே காலனியில் ஒரே அவமானத்தைப் பட்டு வளர்ந்தவர்கள். உண்மையை எழுதினால் பிள்ளைக்கு நஷ்டம் என்று ஒரு சட்டம் இருந்தால், தகப்பன்மார் ஆளுக்கொரு விதமாகத்தான் முடிவெடுப்பார்கள்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது. அதற்கப்புறம் தம்பி எங்கள் கோயிலுக்கே வருவதில்லை. பஸ் ஏறி வேறு ஊரில் பூசை பார்க்கிறான். “அக்கா, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுறாங்க” என்கிறான். மகள் கல்யாணத்தைக் கோயிலில் வைக்கலாமா என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது அந்தப் பத்திரிகையைக் கொண்டுபோய் மொட்டைக் கடிதாசியோடு இணைத்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வேலை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தமிழகத்தில் 44 தனித்தொகுதிகள் இருக்கின்றன, ஒன்றில்கூட எங்களில் ஒருவர் கிறிஸ்தவராக நிற்க முடியாது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு இல்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறவனுக்கு நான் கிறிஸ்தவளா என்ற சந்தேகமே வராது. காவல் நிலையத்தில் மட்டும் வரும்.

இதற்கு அரசுத் தரப்பு சொல்லும் காரணம், கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை என்பது. இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் ஆட்கள் மேல் கோபம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நடுவில் எழுப்பிய சுவர் ஊரறிந்த விஷயம். 2008-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதும் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் கத்தோலிக்கர்கள். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதாகக் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அந்தக் கல்லறைச் சுவரைத்தான் நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்ட வேண்டும் என்பார் எங்களோடு வரும் வக்கீல் ஒருவர். “இடிச்சிட்டா சாட்சி போயிடுமே” என்று அவரே சிரிக்கவும் செய்வார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பங்கில் சுவர் கிடையாது. திருவிழாச் சப்பரம் மட்டும் எங்கள் தெருவுக்குள் வராது. தெரு குறுகல் என்றார்கள். தெருவில் சிமென்ட் ரோடு போட்டு அகலமாக்கியதும் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். தண்ணீர் லாரி வருகிறது, கல்யாணப் பந்தலுக்கு லோடு வருகிறது, மாதா மட்டும் கம்பியில் இடிப்பாராம்.

போன ஆகஸ்டில் தில்லிக்கு அனுப்பும் மனுவோடு ஆயருக்கும் ஒரு மனு எழுதி, இரண்டையும் ஒரே மேசையில் வைத்தேன். பங்குச் சாமியார் நல்ல மனிதர், தர்ணாவில் எங்களோடு வெயிலில் உட்காருகிறவர். “டீச்சர், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. இது அரசாங்கத்துக்கு எதிரான போராட்டம்” என்றார். ஒரே விஷயம்தான் சாமி என்றேன். மேசையை எடுக்கச் சொல்லவில்லை, அந்த அளவுக்குச் சரி.

மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே எங்கள் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு அதற்குக் கால நீட்டிப்பும் கொடுத்தார்கள். தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. தில்லி நகர எத்தனை வருடமாகுமோ. சப்பரம் எங்கள் தெருவுக்குத் திரும்ப தில்லியின் உத்தரவு வேண்டியதில்லை.

இந்த வருடமும் இரண்டு மனுக்கள்தான். தம்பியால் எதிலும் கையெழுத்துப் போட முடியாது, அரசுக்கான மனுவில் சாதியும் ஆயருக்கான மனுவில் மதமும் மாட்டிக்கொள்ளும். ஜெராக்ஸ் செலவை அவன்தான் கொடுத்தான். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அப்புறம் வாருங்கள், மேசை வேப்பமரத்தடியில் இருக்கும். பெயரோடு தெருவின் பெயரையும் எழுதுங்கள்.