போஸ்டரில் கிடந்த 1.48

"காதுகுத்தா தம்பி, கண்ணீர் அஞ்சலியா?" என்றுதான் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் முதலில் கேட்டார். மாநாட்டுக்கான ஆராய்ச்சிப் போஸ்டர், மூணுக்கு நாலு அடி என்று சொல்லி பென்டிரைவை நீட்டினேன். அதில் என் காப்பர் காம்ப்ளக்ஸ்: நடுவில் காப்பர் அயனி, அதைப் பிடித்துக்கொண்டு கரிம மூலக்கூறுகள். எனக்கு முன்னால் ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாள் ஓடிக்கொண்டிருந்தது. என் மூலக்கூறு வெளியே வர இரவு பத்து மணி ஆனது. ஹார்டுவேர் கடையில் அறுத்து வாங்கிய பிவிசி பைப்பில் அதைச் சுருட்டிச் செருகி, இரண்டு பக்கமும் மூடி போட்டேன்.

பிஎச்.டி. சேர்ந்து மூன்றாவது வருடம். கனிம வேதியியல்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும் எம்.டி.ஐ.சி. மாநாடு 2017 டிசம்பரில் புனேயில். அப்ஸ்ட்ராக்ட் ஒரு பக்கம்தான், அதையே கைடு ஆறேழு முறை திருப்பிக் கொடுத்தார். பயணப்படி கிடையாது, ஸ்லீப்பர் டிக்கெட் சொந்தக் காசு. போகத்தான் வேண்டுமா என்று இழுத்தபோது அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1914-ல் கல்கத்தாவில் முதல் இந்திய அறிவியல் மாநாடு கூடியதற்குக் காரணம் இரண்டு வெள்ளைக்கார வேதியியல் ஆசிரியர்கள். லக்னோ கானிங் கல்லூரியின் மெக்மஹன் ஒருவர். இன்னொருவர் சைமன்சன், நம் சென்னை மாநிலக் கல்லூரி வாத்தியார். வந்தவர்கள் 105 பேர், வாசித்த கட்டுரைகள் 35. "பேசுறதுக்கு ஆள் இல்லாமத்தான்யா அவங்க கூட்டினாங்க. உனக்கு மட்டும் இங்க யார் இருக்கா?" என்றார். உண்மைதான். எங்கள் லேபில் காப்பர் செய்பவன் நான் ஒருவன்தான்.

பைப்போடு சட்டைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் வந்தது. டைகுளோரோமீத்தேனில் மூன்று வாரம் காத்திருந்து வளர்த்த கரும்பச்சைப் படிகங்கள். படிகத்தை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று தெரியும்; அதற்கு எங்களுக்கு வசதி இல்லை. புனேயில் யாரையாவது கெஞ்சலாம் என்று கணக்கு. ரயிலில் கொட்டிவிடுமோ என்று பயந்து கரைசலை வடித்துவிட்டேன். நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸில் சோலாப்பூர் தாண்டும்போது எடுத்துப் பார்த்தால் பளபளப்பு போய், பூசணம் பிடித்த பாசிப்பயறு மாதிரி இருந்தது. கரைப்பான் ஆவியாகிப் படிகம் உதிர்ந்துவிட்டது.

சொற்பொழிவுகளில் பாதி எனக்குப் புரியவில்லை. அதை விடுங்கள். போஸ்டர் நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் யாரும் நிற்கவில்லை. டீ கப்போடு போனவர்கள் தலைப்பைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். ஷிஃப் பேஸ் என்கிற கரிமச் சேர்மம், அது பிடித்த காப்பர். இந்தியாவில் தடுக்கி விழுந்தால் அதன் மேல்தான் விழ வேண்டும். பிறகு வயதான பேராசிரியர் ஒருவர் வந்தார். நான் மனப்பாடம் செய்திருந்த இரண்டு நிமிடப் பேச்சை அவர் கேட்கவே இல்லை. கீழ் மூலையில், அட்டவணையின் கடைசி வரியில் விரலை வைத்தார். காந்தத் திருப்புத்திறன், அதாவது சேர்மத்தின் காந்தத்தன்மை எவ்வளவு என்கிற எண்: 1.48.

"ஏன் இவ்வளவு குறைவு?"

தனி காப்பர்(II) அயனி என்றால் 1.73-க்குக் கீழே வரக்கூடாது. கருவிப் பிழையாக இருக்கும் என்றேன். எங்கள் ஊரில் அந்தப் பதிலை இரண்டு வருடமாக எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டு காப்பர் அசிடேட்டைப் பற்றிச் சொன்னார். அதற்கும் 1.4 அளவில்தான் வரும். 1952-ல் ப்ளீனியும் பவர்ஸும், ஜோடி சேராத எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் அளக்கும் இ.பி.ஆர். முறையை வைத்து, அதில் காப்பர் அயனிகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும் என்றார்கள். ஜோடியில் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஓரளவு அடக்கிவிடும், அதனால்தான் எண் குறைகிறது. அடுத்த வருடமே எக்ஸ்ரே அதைக் காட்டியது. என் போஸ்டரில் ஒற்றைக் காப்பர்தான் பெரிதாக நின்றது. எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் தனிம ஆய்வு சரியாக வந்திருக்கிறதே என்று முனகினேன். "இரண்டு மடங்கானாலும் சதவீதம் அதேதானே?" என்றார். காது சூடாகிவிட்டது.

பக்கத்துப் போஸ்டரில் நின்ற ஹைதராபாத் ஸ்காலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குப்பியைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கரைசலை ஏன் கொட்டினீங்க?" என்று கிட்டத்தட்ட திட்டினார். வளர்ந்த கரைசலிலேயே விட வேண்டும், எடுத்தவுடன் எண்ணெயில் தோய்க்க வேண்டும். எங்கள் லேபில் இதை யாரும் சொன்னதில்லை; தெரிந்தவர் இல்லை.

மார்ச்சில் புதுப் படிகங்களோடு நானே ஹைதராபாத் போனேன், இம்முறை கரைசலோடு. மைக்ரோஸ்கோப்பின் கீழ் எண்ணெய்த் துளியில் ஒரு படிகத்தை அவர் வளையத்தில் அள்ளி, குளிர் நைட்ரஜன் காற்றில் நிறுத்தினார். சாயங்காலம் திரையில் இரண்டு காப்பர்கள் வந்தன, நடுவில் இரண்டு ஆக்சிஜன் பாலங்கள், இடைவெளி மூன்று ஆங்ஸ்ட்ராம். கைடுக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுது" என்று வைத்துவிட்டார்.

எழுதினேன், எட்டு மாதம் ஆனது. ஃப்ளெக்ஸ் வீட்டில் இருக்கிறது. அம்மா மொட்டை மாடியில் அதைக் குப்புறப் போட்டு வடகம் காயவைக்கிறார். தப்பான காப்பர் அடிப்பக்கம்.