ஸ்வால்பார்டும் லொஃபோட்டனும்: மலையை விட விசாவில்தான் அதிகம் மூச்சு வாங்கியது

கோடையில் வடதுருவப் பக்கத்துத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டையும் நார்வேயின் வடக்குக் கரையோரத் தீவுகளான லொஃபோட்டனையும் ஒரே பயணத்தில் சேர்த்து மலையேற நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், கயிறு வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) ஸ்டிக்கரில் தேதிக்குப் பக்கத்தில் 'நுழைவுகள்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் 01 என்று இருந்தது, அதாவது ஒரே ஒரு முறைதான் உள்ளே நுழையலாம். என்னோடு கயிறு கட்டும் நண்பனுடையதில் 'மல்ட்', அதாவது பல முறை, என்று இருந்தது. ஒரே விமானம், ஒரே விடுதி, ஒரே டிராவல்ஸ்காரர்.

இதில் என்ன பிரச்சினை என்றால், ஸ்வால்பார்ட் நார்வேக்குச் சொந்தம்தான், ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை. 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் அதில் சேர்ந்த நாட்டவர்களுக்கு அங்கே போய்வரச் சம உரிமை தருகிறது, நடைமுறையில் அங்கே போக யாருக்கும் விசா தேவையில்லை. இந்தியாவும் அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு வழி ஆஸ்லோ அல்லது டிராம்ஸோ வழியாகத்தான். ஆஸ்லோவில் இறங்கினால் ஷெங்கனுக்குள் ஒரு நுழைவு. அங்கிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனுக்கு விமானம் ஏறும்போது பாஸ்போர்ட் சோதனையில் வெளியேறிய கணக்கு எழுதிவிடுவார்கள். திரும்பி வரும்போது அது இரண்டாவது நுழைவு. 01 உள்ளவர் 78 டிகிரி வடக்கில் நின்றுகொண்டு பனிக்கரடிக்கு டாட்டா காட்ட வேண்டியதுதான்.

டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டேன். "சார், அது நார்வேதானே சார். டொமஸ்டிக் ஃப்ளைட். யாரும் கேட்க மாட்டாங்க." நார்வே குடியேற்றத் துறையின் இணையதளத்திலேயே, விசா தேவைப்படுகிறவர்கள் ஸ்வால்பார்ட் போய்த் திரும்ப இரட்டை நுழைவு விசா வைத்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை அனுப்பினேன். இப்போது பேச்சு மாறியது: "எம்பஸி முடிவு சார், எங்க கையில இல்ல." சரி, என் பெயரில் போன விண்ணப்பத்தின் நகலைக் கொடுங்கள் என்றேன். நாளைக்கு, மேனேஜர் வரட்டும், சிஸ்டம் ஸ்லோ என்று இழுத்தடித்து ஒருவழியாகக் கொடுத்தார்கள். அந்தப் படிவத்தில் ஒன்று, இரண்டு, பல என்று மூன்று கட்டங்கள். நண்பனுடையதில் 'பல'. என்னுடையதில் 'ஒன்று'. டிக் அடித்த மையின் நிறம்கூட என் கையெழுத்தின் நிறம் இல்லை. நான் கையெழுத்துப் போட்ட நேரத்தில் அந்தப் பக்கத்தின் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன, "நாங்க ஃபில் பண்ணிக்கிறோம் சார்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுபடி விண்ணப்பம், மறுபடி 90 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம். மே மாதம் பாதி தாண்டிவிட்டால் சந்திப்பு நேரம் கிடைப்பதே பெரிய பாடு. இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் யாராவது ரத்து செய்த இடம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கைரேகை மட்டும் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் செல்லும். இந்தத் தடவை படிவத்தை நானே நிரப்பினேன். கூடவே ஒரு பக்கக் கடிதம்: எந்தத் தேதியில் ஆஸ்லோவில் இறங்குகிறேன், எந்தத் தேதியில் லாங்யியர்பியன் போகிறேன், எந்த விமானத்தில் ஷெங்கனுக்குள் திரும்புகிறேன், ஆகவே எனக்கு ஏன் இரண்டு நுழைவு வேண்டும் என்று. விமான முன்பதிவில் அந்த இரண்டு வரிகளையும் மஞ்சள் மார்க்கரால் தீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இப்படிக் கொடுத்தா எங்களுக்கும் சுலபம்" என்றார். பழைய ஸ்டிக்கரை ரத்து செய்து, புதியதில் 'மல்ட்' என்று வந்தது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பதினைந்து நாளில் வந்துவிடும் என்பதை நம்பிக் கடைசியில் ஓடாதீர்கள்.

அடுத்த அடி இன்சூரன்ஸில். எங்கள் முதல் திட்டம் நியூட்டன்டொப்பன், 1713 மீட்டர், ஸ்வால்பார்டிலேயே உயரமான சிகரம். லாங்யியர்பியனைச் சுற்றியுள்ள பகுதிக்கு வெளியே சொந்தமாகப் போகிறவர்கள் ஆளுநர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே பயண விவரம் தர வேண்டும். தேடல், மீட்புச் செலவுக்கு இன்சூரன்ஸோ வங்கி உத்தரவாதமோ காட்ட வேண்டும். விசாவுக்காக நாம் எடுக்கும் 30,000 யூரோ பாலிசி மருத்துவச் செலவுக்கானது. ஹெலிகாப்டர் தேடி வந்தால் அது வேறு கணக்கு.

ஏஜென்ட், "அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் ஆட்-ஆன் இருக்கு சார், எல்லாமே கவர் ஆகும்" என்று பிரீமியம் வாங்கிக்கொண்டார். பாலிசி ஆவணம் வந்த பிறகு விலக்குகள் பகுதியைப் படித்தேன். கயிறோ வழிகாட்டியோ வழக்கமாகத் தேவைப்படும் மலையேற்றம் கவர் ஆகாது. அதாவது கயிறு இல்லாமல், வழிகாட்டி இல்லாமல் ஏறி விழுந்தால் பணம் தருவார்கள் போல! மீட்புச் செலவு கவர் ஆகும் என்று ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்கள் எல்லாமே அதே பாலிசியின் பிடிஎஃப்தான்.

இதற்கிடையில் லாங்யியர்பியனில் ஒரு வழிகாட்டிக்கு எழுதியிருந்தோம். அவர் பதில் ஒரே பத்தியில் வந்தது. நியூட்டன்டொப்பனுக்குப் பெரும்பாலோர் ஏப்ரல், மே மாதங்களில் ஸ்கீயில் போகிறார்கள். ஜூலையில் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் பனி உருகி வெறும் ஐஸும் தண்ணீரும்தான். ஸ்லெட் இழுத்துச் சாவீர்கள் என்று. கோபமே வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. பெரிய திட்டத்தைக் கைவிட்டு, ஊரைச் சுற்றியுள்ள மலைகளுக்கு வழிகாட்டியோடு பகல் பயணம், மீதி நாட்கள் லொஃபோட்டனில் பாறை என்று மாற்றினோம். இதனால் துப்பாக்கித் தலைவலியும் தீர்ந்தது. ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கட்டாயம், துப்பாக்கியும் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். நம்மிடம் ஆயுத உரிமம் கிடையாது, வாடகைக்கு எடுக்கவும் ஆளுநர் அனுமதி வேண்டும். எங்கள் இருவருக்கும் பொங்கல் பொருட்காட்சியில் பலூன் சுட்ட அனுபவம் மட்டும்தான். வழிகாட்டியே ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். இது சும்மா சடங்கு என்று நினைக்காதீர்கள்: 2020 ஆகஸ்டில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கூடார முகாமில் ஒருவர் கரடி தாக்கி இறந்திருக்கிறார்.

சாமான்கள் பற்றி. பெங்களூருக்குப் பக்கத்து ராமநகராவில், கயிறு மாட்டப் பாறையில் நிரந்தரமாகப் போல்ட் அடித்த வழிகளில் பழகிய கைகளுக்கு லொஃபோட்டன் ஒரு அதிர்ச்சி. அங்கே பெரும்பாலும் போல்ட் கிடையாது, விரிசலில் கேம், நட் (கயிறு மாட்டச் செருகி எடுக்கும் உலோகப் பிடிகள்) எல்லாம் நாமே வைத்து ஏற வேண்டும். ஒரு செட் கேம் போதாது, நடுத்தர அளவுகளில் இரண்டிரண்டு வேண்டும். நண்பர்களிடம் கடன் வாங்கிச் சேர்த்தோம். கடன் வாங்கிய ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிற டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்ததும் நட்பு போய்விடும். பழைய பெட்ரோல் அடுப்பை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் வாசம் போகாது. செக்-இன் கவுன்டரில் பையைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்து, வெளியே வைக்கச் சொன்னார்கள். வழியனுப்ப வந்த தம்பி இன்னும் வாசலில் நின்றதால் அடுப்பு பிழைத்தது. சிலிண்டரில் திருகும் சின்ன அடுப்புத் தலை போதும், அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

லாங்யியர்பியன் எல்லாம் சுமுகம். விடுதி வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், அது ஒன்றே நம் வீடு மாதிரி இருந்தது. லார்ஸ்பிரீன் பனியாறு வழியாக ட்ரோல்ஸ்டைனன் ஏறினோம். ஐஸில் நடக்க பூட்ஸில் மாட்டும் கிராம்பான் முள், கயிறு, மேலே பொலபொலவென்று உதிரும் கல். பாறை ஏற்றத்துக்கு அங்கே கை வைக்க எதுவும் கிடையாது, தொட்டால் கையோடு வரும். அதனால்தான் லொஃபோட்டனைச் சேர்த்தது.

கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாது, எனவே ஒவ்வொரு ஊரிலும் புதிதாக வாங்க வேண்டும். லாங்யியர்பியனில் மீந்ததை விடுதியில் அடுத்தவருக்காக வைத்துவிட்டோம். பிரச்சினை லொஃபோட்டனில் உள்ள ஸ்வோல்வேர் ஊரில். நாங்கள் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. நார்வேயில் ஞாயிறு அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சின்ன மளிகைக் கடைகள் சில மட்டும் திறந்திருக்கும். மலையேற்றச் சாமான் கடைக் கதவில் மறுநாள் பத்து மணி என்று எழுதியிருந்தது. பையில் பருப்புப் பொடி, அரிசி, ரசப்பொடி எல்லாம் இருக்க, இரவு உணவு ரொட்டியும் பழுப்புச் சீஸும்தான். வெள்ளி அல்லது திங்களில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

அப்புறம் மழை. நள்ளிரவுச் சூரியன் என்றதும் எப்போதும் பளபளவென்று வெயில் அடிக்கும் என்று ஒரு கற்பனை நமக்கு. ஸ்வோல்வேரில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை சூரியன் மறையாது, உண்மைதான், ஆனால் அது மேகத்துக்குப் பின்னால் மறையாமல் இருக்கும். கூடாரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தோம். ஸ்டெடின்ட் போகும் எண்ணம் நனைந்தே போயிற்று. 1392 மீட்டர், 2002-இல் நார்வேயின் தேசிய மலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரே வழவழப்பான கிரானைட், நனைந்த நாளில் அதன் பக்கமே போகக் கூடாது. நார்வே வானிலைத் துறையின் 'யர்' செயலியில் மணிவாரியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். நாள் கணிப்பை நம்பி உட்கார்ந்தால் உட்கார்ந்தேதான் இருப்பீர்கள். இரவு ஏழு மணிக்கு மழை நின்று, காற்று அடித்து, கிரானைட் காய்ந்துவிடும். நம் ஊரில் என்றால் இருட்டிவிடும், அங்கே அப்போதுதான் கிளம்ப வேண்டும்.

அப்படி ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ஸ்வோல்வேர்யைட்டாவில் கை வைத்தோம். ஊருக்கு மேலே ஆட்டின் இரண்டு கொம்பு போல நிற்கும் பாறை. 1910-இல் முதலில் ஏறியவர்கள் ஆல்ஃப் பிரின், ஃபெர்டினாண்ட் ஷெல்டெரூப், கார்ல் வில்ஹெல்ம் ரூபென்சன். அதே கோடையில் இதே மூவர்தான் ஸ்டெடின்டிலும் முதலில் ஏறியது. இந்த ரூபென்சன் 1907-இல் சிக்கிமில் கப்ரு சிகரத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே வரை போய்த் திரும்பியவர். ஏறும் முன் இதை நண்பனிடம் சொன்னேன், "கதையை மேல போய்ச் சொல்லு, பிலே பாரு" என்றான், அதாவது கீழே நின்று பிடிக்கும் கயிற்றைக் கவனி என்று.

பெரிய கொம்பிலிருந்து சின்னக் கொம்புக்குத் தாவுவதுதான் அங்கே எல்லோரும் செய்வது. இடைவெளி ஒன்றரை மீட்டர் மாதிரிதான், தரையில் என்றால் சாக்கடை தாண்டுகிற மாதிரி தாண்டிவிடுவோம். கீழே நேராக ஊரின் கல்லறைத் தோட்டம் தெரிகிறது. ஒரு விஷயம் கவனியுங்கள்: தாவுகிறவருக்குக் கயிற்றைத் தேவையான அளவு தளர்த்திக் கொடுக்க வேண்டும், பழக்கதோஷத்தில் இறுக்கிப் பிடித்தால் நடுவானில் பின்னால் இழுபடுவார். நண்பன் "விடு, விடு, இன்னும் விடு" என்று கத்திக்கொண்டேதான் தாவினான். என் முறை வந்தபோது அவன் அந்தப் பக்கத்திலிருந்து, "90 யூரோ ரெண்டு தடவை கட்டியிருக்க, தாவுடா" என்றான். தாவினேன். முழங்காலில் தோல் போனது, அவ்வளவுதான். சின்னக் கொம்பிலிருந்து கயிற்றில் இறங்கிக் கூடாரத்துக்குப் போனபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, திங்களன்று வாங்கிய கேஸில் ரசம் வைத்தோம்.

திரும்பி வந்து இறங்கியதும் சுங்கச் சோதனையில் எக்ஸ்ரே பார்த்தவர் நிறுத்தினார். கேம்களை ஒவ்வொன்றாக எடுத்து, விசையை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, "என்ன இது, வண்டி ஸ்பேர் பார்ட்ஸா? விக்கவா?" என்றார். பாறையில் மாட்டிய போட்டோவைக் காட்டினேன், நம்பவில்லை. பழைய பில்கள் போனில் இருந்தன, கடன் வாங்கியவற்றுக்கு நண்பர்கள் அனுப்பிய பில்களும்கூட. டேப் நிறத்தையும் பில்லையும் வைத்துச் சரிபார்த்துவிட்டு விட்டார். இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. ஆட்-ஆன் பணத்தையாவது கொடுங்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பதிலுக்கு அதே பிடிஎஃப் வந்துகொண்டிருக்கிறது.