திக்குவது பயத்தினால் அல்ல

திக்குவாய் என்றாலே ஒரு சொல்லின் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது குறைவு. எனக்கு வருவது அடைப்பு. வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிடும், தொண்டை பூட்டிக்கொள்ளும், சத்தமே வராது. வீடியோ கூட்டத்தில் அந்த நேரம் பார்த்து யாராவது "நீங்க மியூட்ல இருக்கீங்க" என்பார்கள். போனில் என்றால் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

"பயப்படாம நிதானமா சொல்லுங்க" என்பதும் அடிக்கடி கேட்பது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பயம் இதற்குக் காரணம் அல்ல. பெரும்பாலும் இது 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. சபைக்கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாத வயது. குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. இதோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010இல் கண்டறிந்தார்கள். பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளின் இணைப்புகளில் வேறுபாடு இருப்பதை ஸ்கேன்களும் காட்டியிருக்கின்றன. பதற்றம் வந்தால் திக்கல் கூடும், உண்மைதான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்து, நெருங்கிய நண்பரோடு சிரித்துப் பேசும்போதும் எனக்கு அடைக்கும்.

"பாடும்போது வரலையே, அப்போ மனசுதானே காரணம்?" என்று கேட்பார்கள். பாட்டிலும், பலர் சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும், அடுத்த அசை எப்போது வரவேண்டும் என்பதற்கு வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைக்கிறது. சொந்தமாக வாக்கியம் அமைத்துப் பேசும்போது அந்தத் துணை இல்லை.

வேலையிடத்தில் என்னை அதிகம் பாதித்தது திக்கல் அல்ல, அதை மறைப்பதற்கான உழைப்பு. "தாமதம்" என்று சொல்லப்போகும்போதே 'தா'வில் அடைக்கும் என்று தெரிந்துவிடும். உடனே "இன்னும் கொஞ்சநாள் ஆகலாம்" என்று மாற்றிவிடுவேன். இப்படியே மாற்றிக்கொண்டு போனால் உறுதியாகச் சொல்லவேண்டிய பதில் மழுப்பல் போல ஆகிவிடுகிறது. எனக்கு விஷயத்தில் தெளிவில்லை என்று ஒரு மேலாளர் ஆண்டு மதிப்பீட்டில் எழுதினார். நான் எழுதிய அறிக்கைகளைப் படித்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். எந்தச் சொல்லை மாற்றினாலும் சொந்தப் பெயரை மாற்ற முடியாது. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுதான். "பேரே மறந்துபோச்சா?" என்று சிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது புதிய குழுவில் சேர்ந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எனக்குத் திக்கும். நடுவில் நின்றால் கொஞ்சம் காத்திருங்கள், மீதியை நீங்கள் முடிக்க வேண்டாம்." முடித்து வைப்பவர்கள் பெரும்பாலும் தவறான சொல்லைத்தான் போடுகிறார்கள். அதை மறுத்துவிட்டு நான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசையாக ஒவ்வொருவரும் பேசும் கூட்டங்களில் என் முறைக்காகக் காத்திருக்கக் காத்திருக்க இறுக்கம் ஏறும் என்பதால், எங்கள் குழுத் தலைவர் என்னை முதலில் பேச விடுகிறார். ஒரு செலவும் இல்லாத ஏற்பாடு. எல்லா இடத்திலும் கேட்டு வாங்கவேண்டியது.

இப்படி வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கூட வேலை செய்யும் ஒருவர் தனியாக வந்து தன் 3 வயது மகனைப் பற்றிக் கேட்டார். திட்டியதாலோ, யாரையோ பார்த்துப் பழகியதாலோ வந்துவிட்டதா என்று தவித்துக்கொண்டிருந்தார். இரண்டும் இல்லை என்றேன். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு ஒரு கட்டத்தில் இது வருகிறது, பெரும்பாலோருக்கு அதுவாகவே போய்விடுகிறது. ஆனால் குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ, மாதக்கணக்கில் நீடித்தாலோ, பேசவே பிள்ளை தயங்கினாலோ, தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். அதுவரை அவன் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்றும் சொன்னேன்.