நம்பர் எங்கம்மா?

போன வாரம் டேக்வாண்டோவின் உலகத் தலைமையகமான குக்கிவொன் தரும் சர்ட்டிபிகேட் கைக்கு வந்தது. முதல் டான், அதாவது பிளாக் பெல்ட்டின் முதல் படி. அப்பாடா.

இது என் இரண்டாவது பிளாக் பெல்ட். முதலாவதின் சர்ட்டிபிகேட்டை நான் பயின்ற கிளப்பே அச்சடித்துக் கொடுத்தது. தங்கக் கரை, பாயும் புலி, வட்டச் சீல். அம்மா சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள்.

கல்லூரி சேர்ந்ததும் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் வேறு மாஸ்டரிடம் போனேன். அந்தப் பழைய சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் எங்கம்மா?" என்றார். நான்கு வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி.

1972-இல் தென்கொரியாவின் சியோல் நகரில் தொடங்கிய குக்கிவொன், தான் தரும் ஒவ்வொரு டானுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. பெயர், பிறந்த தேதியோடு அதை அவர்கள் தளத்தில் தட்டினால் விவரம் வரும். சர்வதேசப் போட்டிக்குப் போனால் கேட்பது இந்த டானைத்தான். அதனால் டெஸ்ட் ஃபீஸ் கட்டும் முன்பே கேளுங்கள்: நம்பர் வருமா, வராதா? மழுப்பினால் பணத்தை எடுக்காதீர்கள்.

பழைய கிளப்பைத் திட்ட முழு மனசு வரவில்லை. தேகுக் என்னும் அசைவு வரிசைகள் எட்டும் அங்கே கற்றதுதான். ஏழாம் ஜாங்கின் (ஏழாவது வரிசை) புலி நிலையில் மட்டும் முன்காலின் குதிகாலைத் தூக்காமல் நின்றிருக்கிறேன், இத்தனை வருடமும். புலி சர்ட்டிபிகேட்டில் இருந்தது, காலில் இல்லை. அதைத் திருத்தவே இரண்டு மாதம். ஸ்பாரிங்கும் பலகை உடைப்பும் எப்படியோ ஒப்பேறின.

அப்புறம் சில:

- பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள். நான் இனிஷியல் போட்டேன். அங்கே அப்பா பெயர் முழுசாக இருந்தது. ஓர் எழுத்துக்காக மூன்று தடவை அலைந்தேன்.
- 15 வயதுக்குள் என்றால் டான் இல்லை, பூம். பெல்ட் பாதி சிவப்பாக இருக்கும். ஏமாற்று அல்ல.
- ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) போலி அல்ல. 1966-இல் தொடங்கிய வேறு அமைப்பு. அந்த டான் இங்கே தானாகச் செல்லாது.
- இரண்டாம் டானுக்குக் குறைந்தது ஒரு வருடம் பொறுக்க வேண்டும். சேர்த்துத் தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு அக்கா வகுப்புக்கு வருகிறார். எந்தப் பேப்பரும் வேண்டாமாம், உதைத்தால் போதுமாம். அவருக்குக் கிளப் பெல்ட்டே தாராளம். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை.

புதிய சர்ட்டிபிகேட்டை அம்மாவிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இதில் புலி இல்லையேடி?"