பாட்டியின் நேர்ச்சையோடு குரோ பேட்ரிக் ஏறினேன்

போன வருஷம் எங்கள் கொல்லையில் இருந்த உருளைச் செடிகள் ஒரே வாரத்தில் கருகிப் போயின. அயர்லாந்தின் மேயோவில் நான் குடியிருக்கும் வீட்டுப் பாட்டி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. 1845-இல் இந்த நாட்டைப் பட்டினி போட்டதும் இதே கருகல் நோய்தானே. இந்த வருஷம் கிழங்கு தப்பினால், ஜூலை கடைசி ஞாயிறு யாத்திரையில் குரோ பேட்ரிக் மலை ஏறுவதாக நேர்ந்துகொண்டேன். மூட்டு வலியோடு இருக்கும் பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

மே பிறப்பதற்கு முந்தின மாலை, நிலத்தின் நாலு மூலையிலும் பாட்டியே தீர்த்தம் தெளித்தார். பழைய கிழங்கு தீர்ந்து புதுசு வராத 'பசி ஜூலை'யில் மண்வெட்டியைத் தொட விடவில்லை. அந்தக் கடைசி ஞாயிறு வந்த பிறகுதான் முதல் கிழங்கு. அவர் அம்மா காலத்து வழக்கம்.

அந்த ஞாயிறு விடியும்போதே மலையின் மர்ரிஸ்க் அடிவாரத்தில் நிற்க இடமில்லை. கைத்தடி விற்பவர்கள் வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. ஜெபித்துக்கொண்டு போகிறவர்களை இடித்துத் தள்ளி, பந்தயம் மாதிரி ஓடுகிறார்கள் சிலர். மனசு வலித்தது.

உயரம் 764 மீட்டர்தான். ஆனால் அந்தக் கடைசிக் கூம்பு! எல்லாம் உதிரிக் கல். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். இரண்டு முறை விழுந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் வெறுங்காலோடு ஏறினார். பெருவிரலில் ரத்தம். வாயில் 'அருள் நிறைந்த மரியே' நிற்கவே இல்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்து சேர்ந்தேன்.

அயர்லாந்தின் பாதுகாவலர் புனித பேட்ரிக் 40 நாள் நோன்பிருந்ததாகச் சொல்லும் உச்சி. ஒரே மூடுபனி. சிற்றாலயத்தை 15 சுற்று சுற்றி, திருப்பலியில் நற்கருணை வாங்கினேன். அப்புறம் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். பாட்டி பறித்துக் கொடுத்த உருளை இலை உள்ளே இருந்தது. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. அடிப்பக்கத்து மெல்லிய ரோமம்கூட அப்படியே இருந்தது. அதைப் பீடத்தை நோக்கி நீட்டினேன். வேலை, விசா, ஊரில் அம்மாவின் உடம்பு என்று கேட்க எவ்வளவோ வைத்திருந்தேன். எதுவும் வாயில் வரவில்லை. நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே என்று அழுதுகொண்டே நின்றேன்.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் முதல் செடியைப் பாட்டிதான் பிடுங்கினார். ஏழு கிழங்கு. வேகவைத்து வெண்ணெய் தடவி, அடுத்த வருஷமும் இந்நேரம் உயிரோடு இருப்போம் என்று ஐரிஷில் சொல்லி, முதல் கிழங்கை இரண்டாகப் பிட்டார். பெரிய பாதியை என் தட்டில் வைத்தார்.