சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், "எப்ப கிளம்பறோம்?" என்று. மகளும் மாப்பிள்ளையும் டெக்சாஸில் இருக்கிறார்கள். தலைப்பிரசவம், டிசம்பர் கடைசியில் தேதி சொல்லியிருந்தார்கள். எங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இருவரிடமும் பாஸ்போர்ட் இருந்ததால், பாதி வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

சிக்கல் பெயரில் தொடங்கியது. என் பள்ளிச் சான்றிதழிலும் பணிப் பதிவேட்டிலும் அப்பா இனிஷியல். ஆதாரில் கணவர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது என்பதால் வெறும் பெயர் மட்டும். சர்நேம் இடம் காலி. அவருக்கும் அப்படித்தான். அமெரிக்க விசாவுக்கு டி.எஸ்-160 என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாது. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினோம். அந்தத் தம்பி யோசிக்கவே இல்லை. "வீட்டுக்காரர் பேரைப் போட்டுடலாம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம்" என்று போட்டு அனுப்பியும் விட்டார்.

இரவு மகளிடம் போனில் படித்துக் காட்டியபோது பதறிவிட்டாள். "பாஸ்போர்ட்ல இல்லாத பேரை ஏம்மா போட்டீங்க?" பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்தால், அந்தப் பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுத வேண்டும். கிவன் நேம் என்ற இடத்தில் எஃப்.என்.யு என்று மூன்று எழுத்து போட வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. இத்தனை வருடமாக எல்லோரும் கூப்பிடுகிற பெயரை வைத்துக்கொண்டு, பெயர் தெரியவில்லை என்று எழுதுவது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விதி அதுதான். இன்னும் நேர்காணலுக்குப் பதிவு செய்யாததால் தப்பித்தோம். பதிவில் கொடுக்கிற படிவ எண்ணும், நேரில் கொண்டு போகும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாக இரண்டு படிவம் நிரப்பினோம். இந்த முறை வீட்டிலேயே, மகள் போனில் சொல்லச் சொல்ல. 20 நிமிடம் சும்மா விட்டால் படிவம் மூடிக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் சேமித்துக்கொள்ளுங்கள், விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கட்டிய கட்டணம் ஆளுக்கு 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. முதலில் கிடைத்த தேதி பிரசவத்துக்கு அப்புறம்தான் இருந்தது. மகள் தினமும் பார்த்துப் பார்த்து, யாரோ விட்ட இடத்தை அக்டோபரில் பிடித்தாள். ஒருமுறைதான் இலவசமாகத் தேதியை மாற்றலாம். இன்னொரு முறை என்றால் பணத்தை முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இதற்கிடையில் தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜென்ட்டைப் பார்த்தோம். "பிரசவம்னு வாயே திறக்காதீங்க, ஊர் சுற்றிப் பார்க்கப் போறோம்னு சொல்லுங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொய் சொன்னது தெரிந்தால் ஆயுளுக்கும் தடை விழலாம். அப்புறம் பேரப்பிள்ளையை எந்த நாளில் பார்ப்பது? அவரிடம் மறுபடி போகவில்லை.

எங்களுக்குப் பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். 2025 ஜனவரியில் அங்கேயும் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தார்கள், ஆனால் நாங்கள் போன சமயத்தில் விசா வேலை அங்கே நடக்கவில்லை. கிருஷ்ணகிரியில் ரயிலும் இல்லை. பஸ்ஸில் வேலூர் வழியாகச் சென்னை போய் இரண்டு நாள் தங்கினோம்.

முதல் நாள் போட்டோவும் கைரேகையும். என்னுடையது உடனே முடிந்தது. அவர் கைதான் படியவில்லை. வருடா வருடம் காய் இறக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சுகிற பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, தடித்து, வழவழவென்று ஆகிவிட்டது. கட்டை விரல் பரவாயில்லை. இடது கையின் நாலு விரலும் மூன்று தடவை வைத்தும் வரவில்லை. அங்கிருந்த பெண் பொறுமையாக ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, தன் கையால் அவர் விரல்களை அழுத்திப் பிடித்தார். ஐந்தாம் தடவை பச்சை விளக்கு எரிந்தது. காட்டு வேலை செய்கிறவர்கள் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவி வாருங்கள். அன்று காலை மட்டும் எண்ணெய் வேண்டாம்.

மறுநாள் ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். செல்போன் உள்ளே விட மாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போனோம். பட்டா, சிட்டா, அடங்கல், பென்ஷன் ஆணை, பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரு பையில். இந்த விசாவுக்கு வருகிற யாரையும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் அவர்கள் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவோம் என்று நாம்தான் புரியவைக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அமெரிக்கப் பெண் தமிழில் வணக்கம் சொன்னார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "மகளுக்குத் தலைப்பிரசவம். கூட இருக்கணும்" என்றேன். எத்தனை நாள், மாப்பிள்ளை என்ன வேலை, முன்பு எந்த நாட்டுக்காவது போனீர்களா என்று கேட்டார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, தோப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அதுவரை கைகட்டி நின்றவர் நிமிர்ந்தார். "பூ எடுக்கறப்ப தம்பி மருந்தடிச்சிடுவான் மேடம். கோடையில பெங்களூரா மாங்காய் இறக்கணும். அப்ப நான் இருந்தாகணும்." அந்தப் பெண் கணினியில் ஏதோ அடித்தார். பையைத் திறக்கவே சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, விசா கிடைத்தது என்றார். மொத்தம் நாலு நிமிடம் இருக்கும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது பத்து வருட விசா, பி1/பி2 என்கிற வருகை விசா. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில்தான் சொல்வார்கள். என் பெயர் சர்நேம் இடத்தில் இருந்தது. கீழே அந்த எஃப்.என்.யு. ஸ்பெல்லிங்கை எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சரிபார்த்தேன். அவர் தம்பியைக் கூப்பிட்டு எந்த வாரம் மருந்தடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பும் டிக்கெட்டை மார்ச் மாதக் கடைசிக்குப் போட்டோம்.